தக்காளித் தோட்டத்தில் இரண்டு தங்கதுரை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை. கட்டுரையாகப் பிறக்க வேண்டியது, வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு மலர் போடுவார்கள். மலரின் ஆசிரியர் பூபதிராஜா, வேலந்தாவளம் ஜங்ஷனில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு ஒதுக்கியிருக்கற தலைப்புங்க, நவீன காலத்தில் கலைஞனின் பங்கும் பணியும்" என்றார்.

"எனக்கு எதுக்குங்க இத்தனை பெரிய தலைப்பு?"

"சின்னத் தலைப்பெல்லாம் கவிஞருக எடுத்துட்டாங்க. நல்லாக் கனமா எழுதோணுமுங்க. படிக்கறவன் பாதியில நிறுத்திப்போட்டு 'அடேயப்பா'ன்னு ஒரு மூச்சு உடோணும்."

அன்றே ஆரம்பித்தேன்.

"ஆதிமனிதன் குகைச் சுவரில் மாட்டை வரைந்த அந்த நொடியிலேயே..."

(நிறுத்திவிட்டேன். அன்று மாட்டுச் சந்தை. கடைக்கு வெளியே நிஜ மாடு ஒன்று என் கண்ணாடிக் கதவை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குகை மாட்டைப் பற்றி எழுத வெட்கமாக இருந்தது.)

"கலை சமூகத்தின் கண்ணாடி என்பர். ஆனால்..."

(ஆனால் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவுமே வரவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் வரவில்லை.)

"செயற்கை நுண்ணறிவு கண் மூடித் திறப்பதற்குள் ஓவியம் தீட்டித் தரும் இக்காலத்தில், கலைஞன் எனப்படுபவன்..."

(இது கொஞ்சம் நம்பிக்கை தந்தது. ஏனென்றால் நானே அதை வைத்து ஒரு நிச்சயதார்த்த பேனர் செய்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஒரு கையில் ஆறு விரல் வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. பெண் வீட்டார் கவனித்தார்கள். நேரில் போய் மாப்பிள்ளையின் விரலை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றினார்கள். இதைக் கனமான கட்டுரையில் எங்கே சேர்ப்பது?)

இப்படி நான் மூன்று ஆரம்பங்களோடு உட்கார்ந்திருந்தபோதுதான் செல்வப்பிரியா ஒரு போட்டோ பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தாள். எனக்குத் தெரிந்த ஒரே கலைஞர் அவள்தான். போட்டோவில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை இருந்தது. நான் அதைப் பார்த்து, "அட, நம்ம தங்கதுரையண்ணன்" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள்.

கட்டுரை அந்த இடத்தில் செத்துப்போயிற்று.

2

செல்வப்பிரியா திருச்சூரில் சிற்பம் படித்தவள். படித்து முடித்து ஊருக்குத் திரும்பியவளிடம் யார் கேட்டாலும் ஒரே உரையாடல்தான் நடக்கும்.

"என்ன சோலி பண்றே கண்ணு?"

"சிலை செய்யறனுங்க."

"சாமி சிலையா?"

"இல்லீங்க."

"தலைவருக சிலையா?"

"இல்லீங்க."

"அப்ப ஆரு சிலை?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறியிருப்பார்.

தோட்டத்து மோட்டார் ரூமைத்தான் அவள் பட்டறையாக வைத்திருந்தாள். ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் களிமண், கம்பி, பிசின் டப்பா, பாதி செய்த கைகள். அவள் அப்பா ஆறுச்சாமி சுவிட்சைப் போட உள்ளே வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கையை மிதிப்பார். அவருக்குக் கோபம் வராது. வருத்தம்தான் வரும். மகளுக்காக அவர் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அவள் பிடி கொடுக்காமல் இருந்தாள்.

அந்த வருடம் தக்காளி போட்டிருந்தார்கள். காய் சிவக்கத் தொடங்கியதும் மயில்கள் வந்தன. மயில் தக்காளியை முழுதாகத் தின்றால்கூட மனசு ஆறும். எல்லாப் பழத்தையும் ஒவ்வொரு கொத்து கொத்திவிட்டு, எதுவும் பிடிக்காததுபோல் அடுத்த பாத்திக்குப் போய்விடும். விரட்டலாம், தொட முடியாது. மயிலை நாம் தொட்டால் வனத்துறை நம்மைத் தொடும்.

ஆறுச்சாமி ஒருநாள் மோட்டார் ரூம் வாசலில் நின்று சொன்னார்.

"அம்மிணி, இத்தனை வருசம் சிலை செய்யப் படிச்சயே, ஒரு பொம்மை செஞ்சு நட்டு வையி. மயில் வராம இருந்துச்சுன்னா இந்த மோட்டார் ரூம் உனக்குத்தான், நான் கேக்க மாட்டேன். வந்துச்சுன்னா டீச்சர் வேலைக்குப் போயிறோணும். சரியா?"

சிற்பக்கலை இதற்குத்தானா என்று செல்வப்பிரியா நினைத்தாள். உடனேயே, வேறு எதற்கு என்றும் நினைத்தாள். எதற்கென்று தெரியாததால், "சரிங்கப்பா" என்றாள்.

(இந்த இடத்தில் அவள் ஜன்னல் வழியாக நெடுநேரம் வானத்தைப் பார்த்ததாக எழுதியிருந்தேன். மோட்டார் ரூமுக்கு ஜன்னல் கிடையாது என்று அவள் சொன்னதால் எடுத்துவிட்டேன்.)

3

பொம்மைக்கு மூங்கிலில் உடம்பு கட்டினாள். மேலே வைக்கோல், அதன் மேல் அப்பாவின் பழைய சட்டை, வேட்டி, கைக்குச் சாக்குத்துணி உறை. முகத்தை மட்டும் தனியாகக் களிமண்ணில் பிடித்து, அச்செடுத்து, மழைக்குக் கரையாத பிசினில் வார்த்தாள். உள்ளே வெறுமையாக, வெளியே உருவமாக, தலையில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி.

மயில் பயப்பட வேண்டும். அப்படியென்றால் பயங்கரமான முகம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தான் பிறந்ததிலிருந்து பார்த்த பயங்கரமான முகம் எது என்று யோசித்தாள். யோசிக்கும்போதே கை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அகன்ற மூக்கு. ஒரு புருவம் மேலே. "டேய்" என்று சொல்ல வாயைத் திறக்கப் போகிற உதடு. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தபோது பக்கத்துத் தோட்டத்துத் தங்கதுரை மாமா அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

மாற்றியிருக்கலாம். ஆனால் அவள் செய்ததிலேயே முதல்முறையாக உயிரோடு வந்த முகம் அது. எந்தக் கலைஞரால் அதை அழிக்க முடியும்?*

* கலைஞனின் பணி குறித்த முதல் கருத்து இங்கே வந்திருப்பதைப் பூபதிராஜா கவனிக்க வேண்டும்.

காலையில் நட்டாள். நடும்போது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. யாராவது எதையாவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மயில்கள் வந்தன. பொம்மையைச் சுற்றி வந்து பார்த்தன. பிறகு ஒரு ஆண்மயில் ஏறி அதன் தோளில் உட்கார்ந்து தோகையைத் தொங்கவிட்டது. இரண்டு பெண்மயில்கள் ஆளுக்கொரு கையில் உட்கார்ந்தன. அங்கிருந்து இறங்கித் தக்காளி கொத்திவிட்டு, திரும்ப ஏறி இளைப்பாறின.

ஆறுச்சாமி வரப்பில் நின்று பார்த்தார். "அம்மிணி, வெரட்டறதுக்குப் பொம்மை கேட்டேன். நீ ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு நாற்காலி செஞ்சு போட்டிருக்கறே."

ஆனாலும் பறிப்பு முடியும்வரை தவணை கொடுத்தார். இதற்கிடையில் தங்கதுரைக்குச் செய்தி போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏண்டா ஆறுச்சாமி! என்னைய எதுக்குடா உன்ற தோட்டத்துல நட்டு வெச்சிருக்கறே?"

"மச்சான், அது உன்னைய மாதிரியா இருக்குது? அது கொஞ்சம் சிரிச்ச மொகம்."

"பஞ்சாயத்துல எழுதிக் குடுக்கறேன் பாரு!"

"என்னன்னு எழுதுவே? என்ற மூஞ்சியப் பாத்து மயில் பயப்படல, நடவடிக்கை எடுங்கன்னா?"

தங்கதுரைக்கு அந்தக் கடைசிச் செய்திதான் அதிகமாகச் சுட்டது. பொம்மையை நெருங்கிப் பார்த்தார். சுற்றி வந்தார். பார்க்கப் பார்க்கக் குரல் இறங்கியது.

"அம்மிணி," என்றார் செல்வப்பிரியாவிடம், "மீசை எனக்கு இன்னுங்கொஞ்சம் கெட்டி."

மறுநாளும் வந்தார், மீசை சரியாகிவிட்டதா என்று பார்க்க. அதற்கடுத்த நாளும் வந்தார். காரணம் சொல்லவில்லை.

4

கதைக்குள் இன்னொருவர் வர வேண்டியிருக்கிறது. தங்கதுரையின் மனைவி மருதாத்தாள்.

இவரைப் பற்றி எனக்கு ஒரு பயம். அதட்டும் கணவன், அடங்கிய மனைவி என்று ஆயிரம் கதை படித்திருப்பீர்கள். முதல் வரைவில் நானும் அவரை அப்படியே கண்ணீரும் முந்தானையுமாக எழுதிவிட்டேன். பிறகு அவர் கடைக்கு வந்து ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, நகல் மங்கலாக இருக்கிறது என்று என்னை நிற்க வைத்துத் திட்டிவிட்டுப் போனார். எனவே திருத்தி எழுதுகிறேன்: மருதாத்தாள் அடங்கியவர் அல்ல. கொஞ்ச காலமாக வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டவர். அவ்வளவே.

அவர் பொம்மையிடம் பேச ஆரம்பித்ததை முதலில் பார்த்தது செல்வப்பிரியாதான். காலையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வருகிறவர், புல்கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பொம்மைக்கு முன்னால் நின்றார். வாய் அசைந்தது. கை ஆடியது. ஒருமுறை பொம்மையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. தினமும் மோட்டார் ஓடுகிற நேரமாகப் பார்த்துத்தான் வந்தார்.

செல்வப்பிரியாவுக்கு அது புதிதாக இருந்தது. கல்லூரியில் அவள் சிலையைப் பார்த்துப் பலர் பேசியிருக்கிறார்கள். சிலையிடம் யாரும் பேசியதில்லை.

ஊர் பேசாமல் இருக்குமா? தங்கதுரை ஒருநாள் மோட்டார் ரூமுக்குள் வந்து ஒரு களிமண் காலின் மேல் உட்கார்ந்தார்.

"உன்ற அத்தை என்ன பேசறா அதுகிட்ட?"

"தெரியாதுங்க மாமா."

"செஞ்சவ நீதான? உனக்குத் தெரியாதா?"

"செய்யறதோட எங்க சோலி முடிஞ்சுதுங்க மாமா. அதுக்கப்பறம் ஆரு என்ன பேசறாங்கன்னு கேக்கறது மொறையில்ல."

"ஊட்டுல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. கூப்புட்டாத் திரும்பறதில்ல. எனக்கிருக்கற இதே மூஞ்சிதான அதுக்கும் இருக்குது? அதுல என்ன விசேசம்?"

செல்வப்பிரியா உளியை எடுத்தாள். "அது எதுத்துப் பேசாதுங்க" என்று சொல்ல வந்து, மென்று விழுங்கிவிட்டாள்.

தங்கதுரை கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு அவள் கையிலிருந்த உளி கீழே விழுந்தது.

"அந்த மூஞ்சி தனியாக் கழலுமா?"

5

(இந்தப் பகுதிக்கு உங்கள் முழு நம்பிக்கையும் தேவைப்படும். முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.)

அடுத்த நாள் காலை, தலையில்லாத பொம்மை மோட்டார் ரூமுக்குள் கிடந்தது. தோட்டத்தில், பொம்மையின் சட்டையைப் போட்டு, சாக்குத்துணி உறைக்குள் கையைவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தங்கதுரையின் முகத்தை மாட்டிக்கொண்டு தங்கதுரை நின்றார்.

மயில்கள் வந்தன. வழக்கம்போல ஏற வந்தன. முகத்துக்குள்ளிருந்து "உஸ்ஸு!" என்று ஒரு சத்தம் வந்தது. தங்கதுரையின் "உஸ்ஸு" சாதாரணமானதல்ல. சந்தையில் அதைக் கேட்டுக் காளை ஒதுங்கியிருக்கிறது. மயில்கள் தள்ளியிருந்த நாயர் தோட்டம் வரைக்கும் பறந்தன. தூரத்தில் வரப்பில் நின்ற ஆறுச்சாமி, பொம்மை வேலை செய்வதைக் கண்ணால் கண்டு, மகளை முதன்முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு நினைத்தார்.

அன்று கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. மருதாத்தாள் புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். மோட்டார் ரூமுக்குள் இருந்த செல்வப்பிரியாவுக்கு, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றும் முன்பே கேட்டுவிட்டது.

"ஏனுங்க, எனக்கு எடது காது பாழுங்கெணறாட்டம் போச்சுங்க. என்ன போட்டாலும் சத்தம் வாரதில்ல. நீங்க எடது பக்கமா நின்னு காப்பி கேப்பீங்க. எனக்குத் தெரியாது. 'காது செவுடா'ன்னு கத்துவீங்க. அது மட்டும் வலது காதுல நல்லாக் கேக்குது."

பொம்மை அசையவில்லை.

"செவுடுதான்னு எப்படிச் சொல்றது? திட்டுன வார்த்தை நெசமாப் போச்சுன்னு நானே சொல்லோணுமா? மறையூர்ல கட்டிக்குடுத்த நம்ம மக வினோ போன் பண்ணுனா. பழக்கத்துல எடது காதுல வெச்சுப்போட்டேன். புள்ளை என்னமோ பதறிப் பதறிச் சொல்லுது, எனக்கு மழை பேஞ்சாப்பல இருக்குது. சரி, நல்ல சேதியாத்தான் இருக்குமுன்னு, 'சந்தோசஞ் சாமி, எல்லாத்துக்கும் முட்டாயி குடு'ன்னுட்டேன். அவ மாமியா வழுக்கி உழுந்து காலு ஒடிஞ்சுதாமா. அன்னைல இருந்து புள்ளை போன் பண்றதில்ல."

முகமூடி குலுங்கியது. உள்ளே சிரிப்பா அழுகையா என்று செல்வப்பிரியாவால் சொல்ல முடியவில்லை. முகமூடி எல்லாவற்றுக்கும் "டேய்" என்று சொல்லப் போகிற முகத்தைத்தான் காட்டியது.

அந்த நேரம் பார்த்து, திரும்பி வந்திருந்த பெண்மயில் ஒன்று பொம்மையின் கால் கட்டைவிரலைத் தக்காளி என்று நினைத்து ஒரு கொத்து கொத்தியது.

"ஐயோ!"

மருதாத்தாள் புல்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். இடது காது பொம்மையின் பக்கம் திரும்பியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.*

* ஒரு காது நன்றாக இருப்பவருக்கு இந்த ஐயோ கேட்காதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். செல்வப்பிரியா, "சித்த பொறுங்க" என்றாள். நீங்களும் சித்த பொறுங்கள்.

அவர் போன பிறகு தங்கதுரை மோட்டார் ரூமுக்கு வந்தார். முகத்தைக் கழற்றவில்லை. உள்ளிருந்தபடியே பேசினார்.

"காது கேக்கலீன்னு எனக்குத் தெரியாது அம்மிணி. திமிருன்னு நெனச்சுட்டேன்."

"அத்தைகிட்டப் போய்ச் சொல்லீருங்க மாமா."

"நானு ஒட்டுக் கேட்டேன்னு தெரிஞ்சா, இதையும் பேச மாட்டா." முகமூடியை ஒருமுறை நேராக்கிக்கொண்டார். "நாளைக்கும் நிக்கட்டுமா?"

அன்று மதியமே அவர் மறையூருக்குப் போன் போட்டு மகளிடம் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் மருதாத்தாள் பொம்மையிடம் வந்து, "வினோ கூப்புட்டாளுங்க, அவளே மெல்ல மெல்ல, சத்தமாப் பேசுனா" என்று சொல்லிவிட்டு, பொம்மையின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பொம்மைக்கு வேர்த்திருந்தது.

6

இப்படிச் சில நாட்கள் போயின. மயில் இல்லை. ஆறுச்சாமி டீக்கடையில் மகளின் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசாமலிருந்தது செல்வப்பிரியா மட்டும்தான். தான் செய்த பொம்மை மூலையில் தலையில்லாமல் கிடக்க, செய்யாத பொம்மைக்குப் பாராட்டு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு மோட்டார் ரூம் கிடைத்துவிட்டது. அது திருடியதுபோல் இருந்தது.

இதற்கு நடுவே கிருத்திகா வருகிறாள். செல்வப்பிரியாவோடு படித்தவள், கொச்சியில் ஒரு கலைக்கூடத்தில் கண்காட்சிகளை ஏற்பாடு செய்கிறவள். பொம்மையின் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனில் கூவினாள்.

"இது என்ன தலை சாய்ப்பு, பிரியா! 'கேட்டல்'னு பேர் வைக்கறோம். வெள்ளைச் சுவர், ஒரே ஒரு விளக்கு. உனக்கு இதுதான் முதல் கண்காட்சி. வேன் எடுத்துட்டு வந்துடறேன்."

(கிருத்திகாவை நான் இன்னும் சந்தேகப்படுகிறேன். முதலில் அவளுக்குப் பெரிய பொட்டு, பெரிய கண்ணாடி, சணல் பை எல்லாம் கொடுத்திருந்தேன். அதெல்லாம் கேலிச்சித்திரம் என்று தோன்றி ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டேன். இப்போது அவளிடம் ஒரு வேன் மட்டும்தான் மிச்சம்.)

செல்வப்பிரியா தூங்கவில்லை என்று எழுத ஆசை. தூங்கினாள். ஆனால் விழித்ததும் அதே நினைப்பு. வெள்ளைச் சுவர் முன் நிற்கிற பொம்மையிடம் யார் போய்க் காது கேட்கவில்லை என்று சொல்வார்கள்? இத்தனை வருடம் காத்திருந்தது அந்த வெள்ளைச் சுவருக்குத்தானே?

இந்த இடத்தில் என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: பொம்மை கொச்சிக்குப் போய்ப் பெரும்புகழ் பெறுகிறது. மருதாத்தாள் வெறும் குச்சியின் முன் நின்று பேசுகிறார். வாசகர் அழுகிறார். (எழுதிப் பார்த்தேன். மருதாத்தாள் மறுபடியும் கடைக்கு வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் கிழித்தேன்.)

இரண்டாவது: செல்வப்பிரியா கொச்சியை உதறித் தள்ளி, மக்களுக்கே கலை என்று முழங்கி... (முழங்கி என்ற சொல்லை எழுதியதும் பேனா தானாக நின்றது.)

மூன்றாவது பூபதிராஜா போனில் சொன்னது: "எல்லாம் கனவுன்னு முடிச்சிருங்க. கௌரவமா இருக்கும்."

மூன்றையும் அங்கேயே விட்டுவிடுங்கள். நடந்தது வேறு.

7

கிருத்திகா சொன்ன நாளுக்கு முந்தின நாளே வேனோடு வந்துவிட்டாள். முடிவு எதுவும் எடுக்காமலே, எதற்கும் இருக்கட்டும் என்று செல்வப்பிரியா பொம்மையைக் கட்டக் கயிறு வாங்க ஜங்ஷனுக்குப் போயிருந்தாள். ஸ்கூட்டரில் திரும்பி வரப்பில் ஏறியவள், தூரத்தில் பார்த்த காட்சியில் பிரேக்கைப் பிடிக்க மறந்து வாய்க்காலில் இறங்கினாள்.

தக்காளிப் பாத்தி நடுவில் கிருத்திகாவும், வேனில் வந்த இரண்டு ஆட்களும் பொம்மையைப் பபிள் ஷீட்டில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாதத்தில் ஆரம்பித்து இடுப்புவரை வந்துவிட்டார்கள். எதிரே புல்கட்டோடு மருதாத்தாள்.

பொம்மை அசையவில்லை. அசைய முடியாது. மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன வேலைப்பாடு!" என்று கிருத்திகா சொல்லிக்கொண்டிருந்தாள். "கால் நகத்துல அழுக்கு வரைக்கும் செஞ்சிருக்கா பாருங்க."

"சேச்சி, இதுக்குச் சூடு இருக்குது," என்றான் ஆட்களில் ஒருவன்.

"வெயில்ல நிக்குதுல்ல. அந்தக் கையைக் கொஞ்சம் மடக்குங்க."

கை மடங்கியது. அவர்கள் மடக்குவதற்குக் கொஞ்சம் முன்பாகவே மடங்கியது. ஷீட் நெஞ்சைத் தாண்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் எங்கேயோ ஒரு குமிழ் பட் பட்டென்று வெடித்தது. செல்வப்பிரியா வாய்க்காலில் நனைந்த சுடிதாரோடு, பாத்திகளை மிதித்து, "நிறுத்து, நிறுத்து!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அதைப் பார்த்து மறுபக்கத்திலிருந்து ஆறுச்சாமி, "தக்காளி! தக்காளி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

ஷீட் கழுத்துக்கு வந்தபோது மருதாத்தாள் புல்கட்டைக் கீழே போட்டார்.

"ஏங்கண்ணு," என்றார் கிருத்திகாவிடம், "அவிய மூஞ்சியச் சுத்திராதீங்க. சக்கரை மாத்திரை போடற நேரமாச்சு."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒரு குமிழ் வெடித்தது.

மருதாத்தாள் கையை நீட்டி முகமூடியைக் கழற்றினார். உள்ளே அதே முகம், சிவந்து, வேர்த்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தது. வேன் ஆட்களில் ஒருவன் நாலு பாத்தி தள்ளிப்போய் நின்றான்.

"அத்தை..." செல்வப்பிரியாவுக்கு மூச்சு வாங்கியது. "உங்களுக்குத் தெரியுமா?"

"காதுதான கண்ணு மந்தம், மூக்குக்கு என்ன கேடு? அந்தப் பொம்மைகிட்டப் போனாப் பெயிண்ட் வாசம். இவியகிட்டப் போனா முட்டிவலித் தைலம். மொத நாளே தெரியும். அப்பறம் அந்த ஐயோ. அது செத்தவனுக்கும் கேக்கும்."

தங்கதுரை ஷீட்டுக்குள்ளிருந்து மெல்லக் கேட்டார். "அப்பறம் எதுக்கு வந்து வந்து பேசுனே?"

"நின்னு கேட்டீங்கல்ல. அதை எதுக்குக் கெடுக்கறதுன்னு உட்டுட்டேன்."

பதில் சொல்வதற்குக் கையை ஆட்ட வேண்டும் அவருக்கு; கை கட்டியிருந்தது.

ஆறுச்சாமிக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. "அப்ப மயிலை வெரட்டுனது..."

"நானுதான் மச்சான்."

ஆறுச்சாமி மகளைப் பார்த்தார். செல்வப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். டிராயிங் டீச்சர் வேலைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய புடவையைக்கூட அந்த நொடியில் நினைத்துவிட்டாள் என்று என்னிடம் சொன்னாள்.

ஆனால் ஆறுச்சாமி மருதாத்தாளிடம் திரும்பினார். "மருதக்கா, நீயே சொல்லு. பொம்மை வேலை செஞ்சுச்சா, இல்லையா?"

"என்ன?" என்றார் மருதாத்தாள். ஆறுச்சாமி அவருடைய இடது பக்கம் நின்று கேட்டுவிட்டார்.

தங்கதுரை அசைந்தார். உடம்பு முழுக்கச் சுற்றியிருந்ததால் நடக்க முடியவில்லை; தத்தித் தத்தி, பட் பட்டென்று வெடித்துக்கொண்டு, மனைவியைச் சுற்றி வலது பக்கம் வந்தார். குனிந்து, கத்தாமல் சொன்னார்.

"பொம்மை வேலை செஞ்சுதான்னு கேக்கறான்."

மருதாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தப் பொம்மையக் கேக்கறான்?" என்றார்.

8

அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தது, கிருத்திகா பாத்தியிலேயே உட்கார்ந்து சிரித்தது, மருதாத்தாள் ஷீட்டைப் பிரிக்காமலே வீட்டுக்காரரை வரப்பு வழியாகக் கூட்டிப் போனது எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முகம் இப்போது செல்வப்பிரியாவின் கையில் இருக்கிறது. உடம்பு மோட்டார் ரூமில். ஆறுச்சாமி இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. மிதிபட்ட தக்காளிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மருதாத்தாளுக்கு இனிப் பொம்மை வேண்டுமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கிருத்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போகட்டுமா வேண்டாமா பிரியா, டிரைவர் அவசரப்படறான்" என்கிறாள்.

செல்வப்பிரியா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கடையில் வைத்துச் சொன்னாள். அதை எழுதினால் இது கட்டுரையாகிவிடும். பூபதிராஜா 'அடேயப்பா' என்று மூச்சுவிடுவார். எனக்கு அது வேண்டாம்.

நீங்கள் இத்தனை நேரம் வரப்பில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தீர்கள். வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், பாத்தி ஈரமாக இருக்கிறது. வேன் கதவு திறந்திருக்கிறது. தோட்டத்தில் பொம்மை நின்ற குழியும் திறந்துதான் இருக்கிறது. பொம்மையின் கால் பக்கம் அவள் பிடித்துக்கொள்வாள். தலைப் பக்கம் நீங்கள் பிடியுங்கள். எந்தப் பக்கம் நடப்பது என்று மட்டும், அவள் காதில் விழுகிற மாதிரி, நீங்கள் சொல்லுங்கள்.